குருந்தக் கல்லும் கொற்றுறைத் தமிழும்



தமிழ் கோயிலில் ஒலிக்க வேண்டும், முறைமன்றத்தில் ஒலிக்க வேண்டும், உயர்கல்விக் கூடங்களில் ஒலிக்க வேண்டும் என்று இத்தகைய மேடைகளில் பல்லாண்டாகப் பேசப்பட்டு வருகிறது. பேசத்தான் வேண்டும். ஆயினும் ஓரிடம் மட்டும் அப் பட்டியலில் ஏறாமலே நின்றுவிட்டது. காலையில் கதவு திறந்து, விளக்கேற்றிய பின்னும் உருளை சுழன்றுகொண்டிருக்கும் பட்டறையே அவ்விடம். அங்கே தமிழன் கை உள்ளே உழைக்கிறது. அவன் மொழி வாயிலில் நிற்கிறது.

இன்றைய உரைக்கு எடுத்துக்கொண்ட பொருள், துருவேறா எஃகுக்கு மெருகேற்றும் தொழில். தமிழ் மன்றத்தில் ஏனக்கடைச் செய்தியா என்று சிலர்க்கு நகை தோன்றலாம். ஔவையார்க்கு அப்படித் தோன்றவில்லை. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற அம்மையார், அவன் மாளிகையில் நெய் பூசி மெருகு குலையாமல் வைத்திருந்த படைக்கலங்களைக் கண்டார். தம் மன்னன் கலங்களோ நுனி சிதைந்து கொல்லனின் சிறுகுடிலில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு அது. அக் குடிலை அவர் கொற்றுறை என்கிறார். ‘ஒர்க்சாப்பு’ என்று நாள்தோறும் சொல்லும் நாவுக்கு, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய சொல் ஒன்று காத்துக்கிடக்கிறது.

இனி எஃகுக்கு வருவோம். மக்கள் இதனை ‘எவர்சில்வர்’ என்பர். என்றும் வெள்ளி என்பது அதன் பொருள். இது வெள்ளியும் அன்று. பேணாவிடில் என்றும் மின்னுவதும் அன்று. ஒரே பெயரில் இரண்டு பொய்! இரும்போடு குரோமியம் என்னும் மாழை நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாமல் கலந்த எஃகு இது. நல்ல வகை ஏனங்களில் குரோமியம் 18 விழுக்காடும் நிக்கல் 8 விழுக்காடும் இருக்கும். அக் குரோமியம் காற்றிலுள்ள உயிர்வளியோடு கூடி எஃகின்மேல் ஒரு மெல்லிய தோலைப் போர்த்துகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலக்கம் கூறிட்டால் அவற்றுள் இரண்டு மூன்று கூறே அத் தோலின் தடிப்பு. கீறினால் உடனே மீண்டும் வளர்கிறது. இரும்பைத் துருவினின்று காப்பது அதுவே. பளபளப்பு கண்ணுக்கு, தோல் காப்புக்கு. மெருகேற்றுவோன் இவ் இரண்டையும் ஒருங்கே பெற வேண்டும். பளபளப்பை மட்டும் பெற்றுத் தோலைக் கெடுத்த பண்டம் கடையில் மின்னி, வாங்கியவர் வீட்டில் துருப்பிடிக்கும்.

இவ் எஃகுக்குப் பெயர் வந்த கதையும் கேட்கத்தக்கது. 1913-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் செபீல்டு நகரில் இதனை உருக்கியவர் ஆரி பிரியர்லி. பன்னிரண்டாம் அகவையிலேயே பள்ளியை விட்டு எஃகு உருக்கும் தொழிலகத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தவர் அவர். துருவில்லா எஃகு என்பதே அவர் இட்ட பெயர். கத்தி செய்யும் தொழிலகம் ஒன்றின் மேலாளரான ஏர்னசுட்டு சுடூவர்ட்டு என்பவர் அதனை அடுக்களைக் காடியில் இட்டுப் பார்த்தார். கறை படியாமை கண்டு, கறையில்லாதது என்னும் பொருளில் ‘சுடெயின்லெசு’ என்றார். அப்பெயரே நிலைத்தது. பெயர் பிறந்த இடம் பல்கலைக்கழகம் அன்று, கத்திப் பட்டறை. அவ் ஊர்த் தொழிலாளி தன் வீட்டு மொழியில் எண்ணினான். அதனால் தான் கண்டதற்குத் தானே பெயர் வைத்தான். ‘கலைச்சொல் இல்லாத மொழியில் தொழில் எப்படிக் கற்பிப்பது?’ என்று தமிழ்நாட்டில் கேட்போர், சொல் முன்னா தொழில் முன்னா என்பதைச் செபீல்டில் போய்க் கேட்கட்டும்.

எஃகைத் தேய்க்கும் கல்லின் கதை இன்னும் சுவையானது. வைரத்திற்கு அடுத்த நிலைக் கடினமுள்ள கனிமம் குருந்தம். மணிக்கல்லில் சிவந்தது கெம்பு, நீலித்தது நீலம்; இரண்டும் குருந்தத்தின் தெளிந்த வகைகளே. தெளியாத குருந்தம் சேலம் பக்கத்திலும் காங்கேயத்தை அடுத்த சிவன்மலைப் பகுதியிலும் நிலத்தில் கிடைப்பது. ஆங்கிலத்தார் இக் கல்லைக் ‘கொரண்டம்’ என்பர். அச் சொல்லின் மூலம் தமிழ்க் குருந்தம் என்று அவர்தம் அகரமுதலிகளே குறிக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கராகிய அச்செசன் என்பார் மின்னுலையில் புதிய தேய்பொருள் ஒன்றைச் செய்து, கரியைக் குறிக்கும் ‘கார்பன்’ என்னும் சொல்லோடு இக் கொரண்டத்தை ஒட்டிக் ‘கார்போரண்டம்’ என்றார். 1954-இல் சென்னையில் தொடங்கிய சாணைக்கல் தொழிலகமும் அப்பெயரையே தாங்கிற்று. குருந்தம் கப்பலேறிப் போய், சட்டை மாற்றிக்கொண்டு, அயலான் போலத் தமிழ்நாட்டுக்குத் திரும்பிவந்தது! இன்றும் பட்டறையில் சுழலும் தேய்ப்புப் பட்டைகளில் மிகுதியானவற்றில் ஒட்டியிருப்பது மின்னுலையில் செய்த குருந்தமே. அதைப் பிடித்திருக்கும் இளைஞனுக்கு அதன் பெயர் தன் மொழிப்பெயர் என்று சொல்வாரில்லை.

பெருமை பேசியது போதும். அப் பட்டறையில் வேலை எப்படி நடக்கிறது?

பால் பண்ணைக்குப் போகும் குழாய் வளைவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு துண்டுகளைப் பற்றவைத்த தடம் மேடாக நிற்கிறது. 80-ஆம் எண் பட்டையால் அம் மேட்டைத் தேய்த்துச் சமன் செய்கிறார்கள். அடுத்து 120. அதன்பின் நேரே துணியுருளை. பட்டறை வழக்கில் ‘பப்பு’. மெழுகும் கொழுப்பும் நுண்தூளும் கூட்டிய மெருகுக்கட்டியை அதில் தடவி அழுத்துகிறார்கள். சிறிது நேரத்தில் வளைவு கண்ணாடிபோல் மின்னுகிறது. எதிரே வைத்துப் பார்த்தால் குறை தெரியாது. சாய்த்துப் பார்த்தால் அடியில் மயிரிழை மயிரிழையாகக் கீறல்கள். வாங்கியவர் திருப்பி அனுப்புகிறார். பட்டறைக்காரர் கட்டி சரியில்லை என்று வேறு கட்டி வாங்குகிறார். அதற்கும் அதே கதை.

பிழை கட்டியில் இல்லை; விட்டுப்போன படிகளில் இருக்கிறது. பட்டையின் எண் என்பது, துகளைச் சலித்த சல்லடையில் ஓர் அங்குலத்திற்கு எத்தனைக் கண் என்பதைக் காட்டுவது. எண் ஏற ஏறத் துகள் சிறுக்கும். 80, 120, 180, 240, 320, 400 என்று ஏறுகையில், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே வேலைதான் உண்டு. முந்தைய எண் விட்டுச் சென்ற கீறலை முற்றும் அழித்துத் தன் சிறு கீறலை விட்டுச் செல்வதே அது. துணியுருளை கீறலை அழிப்பதன்று. கீறலின் கரையை மழுக்கி மினுக்குவது. 120 விட்ட பள்ளத்தை அதனிடம் ஒப்படைப்பது, களையெடுக்காத வயலில் நீர் பாய்ச்சுவதை ஒக்கும்.

முந்தைய கீறல் அழிந்ததா என்று அறிவது எங்ஙனம்? இங்கேதான் பட்டறைகளில் பெரும்பாலும் கைக்கொள்ளப்படாத ஓர் எளிய வழி இருக்கிறது. செலவு ஒரு காசும் இல்லை. 80-ஐ நெடுக்காக ஓட்டினால் 120-ஐக் குறுக்காக ஓட்டுக. 180-ஐ மறுபடி நெடுக்காக. உழவன் ஒரு சால் ஓட்டிய பின் குறுக்குச்சால் ஓட்டுவது போல. குறுக்குக் கீறலின் நடுவே நெடுக்குக் கீறல் ஒன்று தெரிந்தாலும் அப்படி இன்னும் முடியவில்லை. முடிந்தபின்னும் இன்னும் சிறிது ஓட்டுக. கீறலுக்கு அடியிலும் மாழை நசுங்கியிருக்கும். எல்லாப் படியையும் ஒரே திசையில் ஓட்டும் தொழிலாளிக்கு எது பழைய கீறல், எது புதிய கீறல் என்று கண்ணால் பிரித்தறியவே வழியில்லை. அவனைத் திட்டிப் பயனில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லப்படவில்லை.

படிகளுக்கு நடுவே பண்டத்தைத் துடைப்பதும் அத்தகையதே. 80-இன் துகள் ஒன்று ஒட்டிக்கொண்டு 320-ஆம் பட்டைக்குப் போனால் ஒரே கீற்றில் அரை மணி உழைப்பு போயிற்று. எண்ணிக்கைக் கூலிக்கு உழைப்பவன் படியைத் தாண்டுவது இயல்பே. தாண்டியதால் மிச்சப்பட்டதாகத் தோன்றும் நேரம், பின்னர்த் துணியுருளையில் இருமடங்காகச் செலவாகிறது என்பதைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டியவர் கூலி கொடுப்பவர். முழுமையாக முடிந்த பண்டத்திற்குக் கூலி என்று வைத்தால் பட்டையும் மிஞ்சும், மனமும் மிஞ்சும்.

வெப்பத்தைப் பற்றி ஒரு சொல். துருவேறா எஃகு வெப்பத்தைக் கடத்துவதில் மிகச் சோம்பல். மெல்லிரும்பு கடத்துவதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே கடத்தும். அழுத்திய இடத்திலேயே சூடு தேங்கும். வைக்கோல் நிறம் படிந்து, பின் நீலம் பாய்ந்தால் காப்புத் தோல் கெட்டது என்று பொருள். மெல்லிய தகடாயின் நெளிந்தும் போகும். மழுங்கிய பட்டை வெட்டாது, உரசும், உரசினால் சூடு. வெட்டவில்லையே என்று கூட அழுத்துவதே பட்டறையின் பொதுவழக்கம். பட்டையை மாற்றுவதே முறை.

துணியுருளையின் விரைவையும் எவரும் கணக்கிடுவதில்லை. நொடிக்குத் தண்டு எத்தனைச் சுற்று என்பது ஒன்று. உருளையின் விளிம்பு எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பது வேறு. மணித்துளிக்கு 2,800 சுற்றும் பொறியில் 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள புதிய உருளையின் விளிம்பு நொடிக்கு 44 மீட்டர் ஓடும். அதுவே தேய்ந்து 200 மில்லிமீட்டர் ஆனால் 29 மீட்டர்தான். மூன்றிலொரு பங்கு விரைவு போய்விட்டது. பொறி அதே பொறி, கட்டி அதே கட்டி, கையும் அதே கை. பளபளப்பு மட்டும் வரவில்லை! தேய்ந்த உருளையைக் கடைசி மினுக்குக்கு வைத்துக்கொண்டு, கீறல் போக்கும் வேலைக்குப் பெரிய உருளையை ஒதுக்கினாலே பட்டறையின் பாதித் தலைவலி தீரும்.

அடுத்து, எல்லாக் கேட்டினும் பெரிய கேடு. இரும்பு தேய்த்த பட்டையால் துருவேறா எஃகைத் தேய்த்தல். இரும்பைத் தேய்த்தபோது பட்டையில் புதைந்த இரும்புத் தூள் எஃகின் முகத்தில் பதிந்து, ஈரம் பட்டதும் துருப்புள்ளியாகப் பூக்கிறது. ‘துருவேறா எஃகு என்று விற்றாய், துருவேறிவிட்டதே’ என்று வாங்கியவர் சண்டைக்கு வருகிறார். இரும்புக்கு வேறு பட்டை, வேறு அரம், வேறு கம்பித் தூரிகை என்று பிரித்து, எஃகுக்குரியவற்றின் பிடியில் பச்சை வண்ணம் பூசி வைத்தால் போதும்.

வேலை முடிந்தபின் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, பெரும்பாலோர் செய்வதில்லை. பண்டத்தின் கொழுப்பை நன்கு கழுவி நீக்கிவிட்டு, எலுமிச்சைக் காடி 4 முதல் 10 விழுக்காடு கரைத்த நீரில் அறை வெப்பத்திலேயே 20 மணித்துளிக்குக் குறையாமல் ஊறவைத்து, தூய நீரில் அலசி உலர்த்துக. ஒட்டிய இரும்புத் தூளைக் காடி கரைத்துவிடும். குரோமியத் தோல் தடையின்றி வளரும். கொழுப்புப் போகாத இடத்தில் காடி தொடாது என்பதை மறக்கலாகாது. பழம்புளி தேய்த்துச் செம்பைத் துலக்கிய பாட்டிமார்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

எலுமிச்சைக் காடியால் கையில் பெரும் ஊறு இல்லை. ஆனால் பட்டறையின் மூலையில் வேறொரு குப்பி நிற்கிறது. பற்றவைப்பின் கருமையைப் போக்கத் தடவும் பசை அதில் இருக்கும். நைட்ரிக் காடியோடு ஐதரோபுளோரிக் காடியும் சேர்ந்தது அது. இப் பின்னது மற்றக் காடிகளைப் போன்றதன்று. செறிவு குறைந்ததாயின் தோலில் பட்ட பொழுதில் எரிச்சலே தெரியாது. சில மணி நேரம் கழித்து வலி தொடங்குகையில் அது தோலைக் கடந்து உள்ளே போயிருக்கும். தசையிலும் எலும்பிலும் உள்ள சுண்ணச் சத்தைப் பற்றிக்கொண்டு அரிக்கும். பரப்பு மிகுந்தால் குருதியில் சுண்ணச் சத்துக் குன்றி நெஞ்சத் துடிப்பே நின்றுபோகும். பட்ட உடனே துணியைக் களைந்து நிறைய நீரால் கழுவி, கால்சியம் குளுக்கோனேட்டுக் களிம்பு தடவி, குப்பியின் ஒட்டுத்தாளோடு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இவ்வளவும் அக் குப்பியின்மேல் எழுதியிருக்கக் கூடும். எம்மொழியில்? ஆங்கிலத்தில், சிற்றெழுத்தில். எட்டாம் வகுப்பில் நின்றுவிட்ட இளைஞன் அதை வெறுங்கையால் தடவுகிறான். எரியவில்லையே என்று மறுபடியும் தடவுகிறான்.

மொழிச் சிக்கல் புலவர்களின் பொழுதுபோக்கு என்போர் அக் குப்பியின் அருகே சற்று நேரம் நின்று பார்க்கட்டும். தொழிலகத்தில் வைக்கும் அறிவிப்பு ஆங்கிலத்திலும் தொழிலாளரில் பெரும்பாலோர்க்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிலகச் சட்டமே விதித்தது. அச் சட்டம் எட்டாத சிறுபட்டறை எத்தனையோ. எட்டிய இடத்திலும் எழுதி மாட்டியவர் எத்தனை பேர்?

நுரையீரலுக்கு வரும் கேடும் இவ்வகையதே. செபீல்டு நகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மணற்கல் உருளையில் நீரின்றிச் சாணை பிடித்தோர் கல்தூளை மூச்சில் இழுத்து இளமையிலேயே மாண்டனர். இன்று உருளையில் மணற்கல் இல்லை. ஆயினும் எஃகுத் தூளில் குரோமியமும் நிக்கலும் உண்டு; துணியின் பஞ்சும் கட்டியின் கொழுப்பும் அதோடு கலந்து பறக்கும். தூளை உருளையின் வாயிலேயே உறிஞ்சும் குழாய் வைப்பதே காப்பு; முகத்தில் கட்டும் கைக்குட்டை காப்பன்று. உறிஞ்சுகுழாயில் தேங்கும் பஞ்சுக் கொழுப்பு ஒரு பொறி பட்டால் தீப்பற்றும்; கிழமைதோறும் வழிக்க வேண்டும். பண்டத்தை உருளையின் நடுமட்டத்திற்குக் கீழே பிடிக்க வேண்டும் என்பதும், விளிம்பை உருளைக்கு எதிரே காட்டாமல் உருளை விளிம்பைவிட்டு ஓடுமாறு காட்ட வேண்டும் என்பதும் ஒவ்வொரு மூத்த தொழிலாளியும் அறிந்தவை. எழுதப்படாமையால், புதிதாக வந்தவன் விரலைக் கொடுத்தே அவற்றைக் கற்கிறான்.

சப்பானில் நீகாத்தா மாநிலத்துத் சுபாமே என்னும் சிறுநகர், கரண்டியும் முள்ளும் செய்து அவற்றுக்கு மெருகேற்றுவதில் உலகப் புகழ் பெற்றது. ஆப்பிள் நிறுவனம் 2001-இல் வெளியிட்ட கையடக்க இசைப்பெட்டியின் பின்முகக் கண்ணாடி மெருகு அந்நகர்ச் சிறுபட்டறைக் கைகளின் வேலை. இளைஞர்க்கு மெருகுத் தொழில் பயிற்றும் கூடமும் அங்கே உண்டு. பயிற்சி மொழி எது என்று கேட்டால் அவ்வூரார் வியப்பர். சப்பானியமன்றி வேறு எது? தமிழ்நாட்டில் துருவேறா எஃகுத் தகட்டை உருட்டும் சேலம் ஆலை 1981-இலேயே உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. தகடு தமிழ் மண்ணில் உருள்கிறது. தகட்டுக்கு மெருகேற்றும் முறையைச் சொல்லும் தமிழ்ச் சிறுநூலைத் தேடினால் கைக்கு அகப்படுவதில்லை.

சொல் இல்லை என்று எவரும் கைவிரிக்க வேண்டா. சாணை, அரம், அராவுதல், பிசிறு, கீறல், பதம், மழுக்கம், மெருகு ஆகியவை பட்டறையில் ஏற்கெனவே உலவும் சொற்கள். தேய்ப்புத்தாளைத் தொழிலாளி உப்புத்தாள் என்கிறான். எந்தக் குழு கூடிப் படைத்த சொல் அது? கற்றாழை நாரால் செய்த உருளையை நாருருளை என்றும், துணியால் ஆனதைத் துணியுருளை என்றும் சொன்னால் எவனுக்குப் புரியாது? புலவர் சிலர் அறைக்குள் அமர்ந்து நூறு எழுத்து நீளத்தில் சொல் படைத்து அச்சிட்டு, அது வழங்கவில்லையே என்று வருந்துவர். பட்டறைக்குப் போய்க் காது கொடுத்தால் பாதிச் சொல் அங்கேயே கிடைக்கும்.

ஒரு செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டும். மெருகுப் பட்டறைகளில் இன்று உழைப்போருள் வடபுலத்திலிருந்து பிழைக்க வந்தவர் பலர். பீகாரின் போசுபுரியும் மைதிலியும் ஒடியமும் தாய்மொழியாகக் கொண்டோர் அவர்கள். காடிக் குப்பியின்மேல் தமிழோடு அவர்கள் படிக்கும் எழுத்திலும் எழுதுவதா என்று இயக்கத்தார் சிலர் தயங்குவர். தயங்க வேண்டா. திணிப்பு என்பது ஒருவன் கேளாத மொழியை அவன் தலையில் கட்டுவது. கை வெந்துபோகாமல் காப்பதற்கு அவனுக்குத் தெரிந்த எழுத்தில் நான்கு சொல் எழுதுவது திணிப்பாகாது. தமிழனுக்கு ஆங்கிலக் குப்பி செய்யும் கொடுமையைத் தமிழ்க் குப்பி இன்னொருவனுக்குச் செய்யலாகாது. தமிழ் முதலில், பெரிதாக; அதன்கீழ் அவர்தம் மொழி.

கிளை மன்றங்கள் இத் திங்களே தொடங்கத்தக்க வேலை ஒன்று உண்டு. ஊருக்கு ஒரு பட்டறையைத் தேர்ந்து, பட்டறைக்காரரின் ஒப்புதலோடு இரண்டு பலகைகள் எழுதி மாட்டுக. பட்டைப் பொறியின் எதிரே ஒன்று. அதில் 80 முதல் 400 வரை எண்களும், ஒவ்வோர் எண்ணுக்கும் நெடுக்கா குறுக்கா என்னும் அம்புக்குறியும், ‘பழைய கீறல் தெரிந்தால் அடுத்த எண்ணுக்குப் போகாதே; துடைத்துவிட்டு மாற்று’ என்னும் வரியும் போதும். மற்றொன்று காடிக் குப்பியின் மேலே: கையுறை இன்றித் தொடாதே, பட்டால் வலிக்காவிட்டாலும் கழுவு, களிம்பு இருக்குமிடம் இது, மருத்துவமனைத் தொலைபேசி எண் இது. எழுத்து, பத்தடித் தொலைவில் நின்று படிக்குமளவு பெரிதாக இருக்கட்டும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் அழியாத வண்ணத்தால் எழுதப்படட்டும். ஆணியில் மாட்டுமுன் அப் பட்டறையின் மூத்த தொழிலாளியிடம் பலகையை உரக்கப் படித்துக் காட்டுக. அவர் நெற்றி சுருங்கும் சொல் எதுவோ, அதனை அங்கேயே அழித்து, அவர் சொல்லும் சொல்லை எழுதுக.